பெயர் இல்லாத வாரண்டு
மந்திரி மீது வழக்குப் போட்டு வென்ற ஜான் வில்க்ஸ் வரலாறு

லண்டன் நகரம். 1763-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. இரவு நேரம்.

டிரைடன் லீச் என்பவர் ஓர் அச்சாபீஸ் முதலாளி. அவர் தன் வீட்டில் மனைவியோடு தூங்கிக்கொண்டு இருந்தார். திடீர் என்று அரசாங்க ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். படுக்கையில் இருந்து அவரை எழுப்பினார்கள். வீட்டில் இருந்த காகிதங்களை எல்லாம் வாரிக் கட்டினார்கள். அவரையும், அவரிடம் வேலை பார்த்தவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன?

ஒன்றும் இல்லை. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு பத்திரிகையை அவர் அச்சடித்ததாகச் சேவகர்கள் நினைத்தார்கள். உண்மையில் அதை அச்சடித்தவர் வேறு ஒருவர். 4 நாள் காவலில் வைத்த பிறகே லீச்சை வெளியே விட்டார்கள்.

சேவகர்கள் கையில் வாரண்டு இருந்தது. ஆனால் அந்த வாரண்டில் லீச்சின் பெயர் இல்லை. யாருடைய பெயருமே இல்லை!

அந்தப் பெயர் இல்லாத வாரண்டை எதிர்த்துப் போராடி, அதற்குச் சமாதி கட்டியவர்தான் ஜான் வில்க்ஸ்.

சாராயக்காரர் மகன்

ஜான் வில்க்ஸ் 1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை இஸ்ரேல் வில்க்ஸ் சாராயம் காய்ச்சி விற்கும் தொழில் செய்தவர். நல்ல வருமானம். மகனைப் பெரிய படிப்பு படிக்கவைக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆகவே ஹாலந்து நாட்டில் உள்ள லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

வில்க்ஸ் அழகர் அல்ல. அவருக்கு மாறுகண். தாடை முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவர் சொக்கிப்போவார். பேசத் தொடங்கி அரை மணி நேரத்தில் தன் முகத்தை மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்று அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது உண்டு.

1747-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மேரி மீட் பணக்கார வீட்டுப் பெண். அவரைவிட 10 வயது மூத்தவள். பெற்றோர் பார்த்து முடித்த சம்பந்தம். அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு மகள். அவளைப் பாலி என்று செல்லமாக அழைப்பார்கள். அந்த மகளிடம் வில்க்ஸ் உயிரையே வைத்து இருந்தார்.

வில்க்ஸ் உத்தமர் அல்ல. குடி உண்டு. கூத்து உண்டு. கைக்குக் கிடைத்த பணத்தைத் தண்ணீராகச் செலவு செய்வார். கழுத்து மட்டும் கடன். பிரிந்துபோன மனைவிக்குக் கொடுக்கவேண்டிய ஜீவனாம்சத்தைக்கூடத் தன் கைக்கு மீட்க வழக்குப் போட்டுத் தோற்றவர் அவர். இதை மறைக்க வேண்டியது இல்லை. ஏன் என்றால் அவர் நடத்திய போராட்டத்தின் பெருமையே இதில்தான் இருக்கிறது. அது பின்னால் தெரியும்.

1757-ல் ஏல்ஸ்பரி என்ற ஊரில் இருந்து அவர் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்து எடுக்கப்பட்டார். ஓட்டுகளைப் பணம் கொடுத்து வாங்கிய காலம் அது. வில்க்சும் அள்ளி இறைத்துத்தான் ஜெயித்தார்.

பத்திரிகை பிறந்தது

அப்போது இங்கிலாந்தின் அரசர் 3-ம் ஜார்ஜ். இளைஞர். பியூட் பிரபு என்பவர் அரசருக்கு ஆசிரியராக இருந்தவர். அரசர் அவரையே பிரதம மந்திரி ஆக்கினார். ஜனங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

பியூட் பிரபுவைப் புகழ்வதற்கு என்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதன் பெயர் ‘பிரிட்டன்’. அதற்குப் போட்டியாக 1762-ம் ஆண்டு ஜூன் மாதம் வில்க்ஸ் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு ‘நார்த் பிரிட்டன்’ என்று பெயர் வைத்தார். பியூட் பிரபு வடக்கே ஸ்காட்லாந்தில் இருந்து வந்தவர். அதைக் கேலி செய்யத்தான் இந்தப் பெயர். சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர் வில்க்சுக்குத் துணையாக இருந்தார்.

வாரம் ஒரு இதழ். எழுதியவர் பெயர் இராது. ஒவ்வொரு இதழிலும் மந்திரிகளுக்குச் சூடு விழுந்தது. கடைசியில் பியூட் பிரபு 1763 ஏப்ரலில் பதவியை விட்டு விலகினார். கிரென்வில் பிரதமர் ஆனார்.

பிரான்சோடு 7 ஆண்டுகள் நடந்த போர் அப்போது முடிந்து இருந்தது. சமாதான உடன்படிக்கையைப் புகழ்ந்து அரசர் பாராளுமன்றத்தில் பேசினார். அரசர் படிக்கும் உரையை மந்திரிகள் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

ஏப்ரல் 23-ந்தேதி ‘நார்த் பிரிட்டன்’ 45-ம் இதழ் வெளிவந்தது. அந்த உரையை அது கிழித்துப் போட்டது. இது அரசரின் பேச்சு அல்ல, மந்திரிகளின் பேச்சு என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு, பிறகு அதில் உள்ளது பொய் என்று தாக்கியது.

அரசருக்குக் கோபம் வந்தது. மந்திரிகளுக்கு அதைவிட அதிகக் கோபம்.

49 பேர் கைது

மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு ஒரு வாரண்டில் கையெழுத்துப் போட்டார். 45-ம் இதழை எழுதியவர், அச்சடித்தவர், வெளியிட்டவர் எல்லோரையும் தேடிப் பிடிக்க வேண்டும், அவர்களுடைய காகிதங்களைக் கைப்பற்ற வேண்டும் என்பது உத்தரவு.

யாரைப் பிடிப்பது? வாரண்டில் பெயர் இல்லை. எந்த வீட்டில் தேடுவது? அதுவும் இல்லை. எந்தக் காகிதத்தை எடுப்பது? எல்லாக் காகிதத்தையும்! இன்னார் குற்றம் செய்தார் என்று யாராவது சத்தியம் செய்து சொன்னார்களா? ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்ட வாரண்டுக்குப் பொது வாரண்டு என்று பெயர்.

இன்று உள்ளது போன்ற போலீஸ் படை அப்போது லண்டனில் கிடையாது. அது 1829-ல்தான் ஏற்பட்டது. மந்திரிகளின் உத்தரவை நிறைவேற்றுவதற்கு ராஜ சேவகர்கள் என்று சிலர் இருந்தார்கள். சந்தேகப்பட்டால் போதும். அவர்கள் எந்த வீட்டிலும் நுழையலாம், யாரையும் பிடிக்கலாம் என்று ஆகிவிட்டது. குற்றவாளி யார் என்று முடிவு செய்யும் வேலை மாஜிஸ்திரேட்டிடம் இருந்து சேவகன் கைக்குப் போய்விட்டது.

அந்த ஒரு வாரண்டை வைத்துக்கொண்டு 49 பேரைப் பிடித்தார்கள். அச்சாபீஸ் முதலாளிகள், அச்சுக்கோப்பவர்கள், வேலைக்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. லீச்சும் அப்படிப் பிடிபட்டவர்தான். பிறகு பத்திரிகையின் உண்மையான வெளியீட்டாளரும், அச்சடித்தவரும் அகப்பட்டார்கள். அவர்கள் வில்க்சின் பெயரைச் சொன்னார்கள்.

சாக்கு மூட்டை

ஏப்ரல் 30-ந்தேதி சேவகர்கள் வில்க்சின் வீட்டுக்கு வந்தார்கள். வாரண்டைக் காட்டினார்கள். வில்க்ஸ் அதை வாங்கிப் படித்தார். அதில் தன் பெயர் எங்கே என்று கேட்டார். யார் பெயரும் இல்லாத வாரண்டு இங்கிலாந்தில் உள்ள அத்தனை பேருக்கும் எதிரான வாரண்டு என்று வாதாடினார்.

அந்த நேரத்தில் நண்பர் சர்ச்சில் ஒன்றும் தெரியாமல் உள்ளே நுழைந்தார். சேவகர்கள் அவரையும் பிடிக்கக் காத்து இருந்தவர்கள். ஆனால் முகம் தெரியாது. வில்க்ஸ் சட்டென்று அவரை வேறு பெயர் சொல்லி வரவேற்றார். அவருடைய மனைவி சவுக்கியமா, அவள் கிராமத்தில் சாப்பிடுகிறாளா என்று விசாரித்தார். சர்ச்சில் புரிந்துகொண்டார். பதில் சொல்லிவிட்டு அப்படியே நழுவினார். சேவகர்களின் கண் எதிரிலேயே தப்பிவிட்டார்!

வில்க்சை ஹாலிபாக்ஸ் பிரபுவின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் பக்கத்தில்தான் இருந்தது. மந்திரி கேட்ட எந்தக் கேள்விக்கும் வில்க்ஸ் பதில் சொல்லவில்லை. டவர் என்ற லண்டன் கோட்டையில் அவரை அடைத்தார்கள்.

அவர் இல்லாத வீட்டில் என்ன நடந்தது?

ராபர்ட் உட் என்ற அதிகாரி முன்னின்று சோதனை நடத்தினார். கொல்லனைக் கூப்பிட்டுப் பூட்டுகளைத் திறந்தார்கள். மேஜை அறைகளை இழுத்தார்கள். கடிதம், கணக்கு, குறிப்பு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார்கள். வில்க்ஸ் எழுதி வைத்து இருந்த உயிலும், அவருடைய பாக்கெட் புத்தகமும் அந்தச் சாக்கில் போயின. எடுத்த காகிதங்களுக்கு ஜாபிதா எழுதவில்லை. எது போயிற்று, எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மனிதனுடைய கடிதப் பெட்டியில் என்னதான் இராது? மகள் எழுதிய கடிதம் இருக்கும். கடன் பத்திரம் இருக்கும். நண்பன் நம்பிச் சொன்ன ரகசியம் இருக்கும். அத்தனையும் மந்திரியின் மேஜைக்குப் போய்விட்டது.

விடுதலை

வில்க்ஸ் கோர்ட்டுக்குப் போனார். சார்லஸ் பிராட் என்பவர் அந்தக் கோர்ட்டின் பிரதம நீதிபதி. மே 6-ந்தேதி அவர் தீர்ப்புச் சொன்னார். பாராளுமன்ற மெம்பரை இந்தக் குற்றத்துக்காகப் பிடித்து அடைக்கக்கூடாது என்று கூறி, வில்க்சை விடுதலை செய்தார்.

கோர்ட்டு வாசலில் பெரும் கூட்டம். வில்க்சின் பெயரையும் சுதந்திரத்தையும் சேர்த்து ஜனங்கள் முழங்கினார்கள். அந்த முழக்கம் பல ஆண்டுகள் லண்டன் தெருக்களில் ஓயவே இல்லை.

அன்று இரவே வில்க்ஸ் மந்திரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் வீட்டில் திருட்டுப் போய்விட்டது, திருட்டுப் பொருள்கள் மந்திரிகளிடம் இருப்பதாகத் தெரிகிறது, உடனே திருப்பித் தர வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். அதை அச்சடித்து ஊர் முழுவதும் பரப்பினார். லண்டனே சிரித்தது.

ஆனால் வில்க்சுக்கு இது போதவில்லை. பாராளுமன்ற மெம்பர் என்பதால் தான் தப்பினார். மெம்பர் அல்லாத அச்சுக்கோப்பவன் கதி என்ன? வாரண்டே சட்டவிரோதம் என்று கோர்ட்டு சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழிதான் உண்டு. பூட்டை உடைத்தவர்கள் மீது நஷ்டஈடு வழக்குப் போட வேண்டும். பிடிபட்ட தொழிலாளிகளையும் வழக்குப் போடும்படி அவர் தூண்டினார்.

6 மணி நேரத்துக்கு 300 பவுன்

முதல் வெற்றி பெற்றவர் ஒரு சாதாரணத் தொழிலாளி. அவர் பெயர் ஹக்கிள். அச்சாபீசில் வேலை. வாரச் சம்பளம் ஒரு கினி. ஒரு கினி என்பது ஒரு பவுனுக்குச் சற்று அதிகம்.

அவரை அடைத்து வைத்து இருந்தது சுமார் 6 மணி நேரம். அடிக்கவில்லை, திட்டவில்லை. மாட்டுக்கறியும் பீரும் வாங்கிக் கொடுத்து மரியாதையாகத்தான் வைத்து இருந்தார்கள். ஆகவே அதிக நஷ்டம் இல்லை என்று அரசாங்க வக்கீல் வாதாடினார்.

ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 300 பவுன் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள்! கிட்டத்தட்ட 6 ஆண்டுச் சம்பளம்!

தொகை மிக அதிகம், மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று அரசாங்கத் தரப்பில் கேட்டார்கள். பிரதம நீதிபதி பிராட் மறுத்தார். தொழிலாளிக்கு நேர்ந்த கஷ்டம் சிறியதாக இருக்கலாம். ஆனால் பெயர் இல்லாத வாரண்டோடு ஒருவன் வீட்டில் நுழைவது ஒவ்வொரு குடிமகனின் சுதந்திரத்திலும் கைவைப்பது ஆகும். ஜூரிகள் அதைத்தான் பார்த்தார்கள் என்று அவர் விளக்கினார்.

பிறகு வில்க்சின் வழக்கு வந்தது. 1763 டிசம்பர் 6-ந்தேதி விசாரணை. இதுபோன்ற வாரண்டுகள் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வருகின்றன, யாரும் கேட்டது இல்லை என்று அதிகாரி உட் தரப்பில் சொன்னார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. சேவகன் சந்தேகப்படும் வீட்டை எல்லாம் உடைக்கலாம் என்றால், நாட்டில் யாருடைய உடலுக்கும் உடைமைக்கும் பத்திரம் இல்லை என்பது அவர் முடிவு. ஜூரிகள் வில்க்சுக்கு 1,000 பவுன் அளித்தார்கள்.

லீச்சும் வழக்குப் போட்டார். அவருக்கு 400 பவுன் கிடைத்தது.

துப்பாக்கிக் குண்டு

மந்திரிகள் சும்மா இருப்பார்களா? வேறு வழியில் மடக்கினார்கள்.

வில்க்ஸ் தன் வீட்டிலேயே ஓர் அச்சு இயந்திரம் வைத்து இருந்தார். நண்பர்கள் படிப்பதற்காக ஒரு ஆபாசப் பாட்டில் சில பிரதிகள் அச்சடித்தார். வேலை செய்த ஆட்களிடம் இருந்து அந்தப் பக்கங்கள் அரசாங்கத்துக்குப் போய்விட்டன. 1763 நவம்பரில் பிரபுக்கள் சபையில் ஒரு மந்திரி அதை எழுந்து படித்தார். அந்த மந்திரியும் ஒரு காலத்தில் வில்க்சோடு சேர்ந்து கூத்து அடித்தவர்தான்!

அடுத்த நாள் இன்னும் ஒரு ஆபத்து. சாமுவேல் மார்ட்டின் என்ற மெம்பர் வில்க்சைக் கோழை என்று ஏசினார். அந்தக் காலத்து வழக்கப்படி இருவரும் ஹைடு பார்க் மைதானத்தில் துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். வில்க்சின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. பிழைத்தது பெரிய காரியம்.

45-ம் இதழ் ராஜநிந்தனை என்று பாராளுமன்றம் தீர்மானித்தது. அதைத் தெருவில் வைத்துக் கொளுத்தும்படி உத்தரவு போட்டது. கொளுத்த வந்தவர்களை ஜனங்கள் கல்லால் அடித்து விரட்டினார்கள்.

காயம் ஆறுவதற்குள் வில்க்ஸ் பிரான்சு நாட்டுக்குத் தப்பி ஓடினார். மகள் பாலி அப்போது பாரீசில் இருந்தாள். 1764 ஜனவரியில் அவரைப் பாராளுமன்றத்தில் இருந்து நீக்கினார்கள். பிறகு, சட்டத்தின் பாதுகாப்பு இல்லாதவர் என்று அறிவித்தார்கள்.

ஆசிரியர் என்டிக்

வில்க்ஸ் ஓடிவிட்டார். ஆனால் அவர் தொடங்கிய வழக்கு அலை ஓயவில்லை.

ஜான் என்டிக் என்பவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவரும் அரசாங்கத்தை எதிர்த்து எழுதிய ஒரு பத்திரிகையில் சம்பந்தப்பட்டவர். 1762 நவம்பரில் 4 சேவகர்கள் அவருடைய வீட்டில் புகுந்து, 4 மணி நேரம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார்கள். வில்க்சின் வெற்றியைப் பார்த்த பிறகு அவருக்கும் துணிச்சல் வந்தது. வழக்குப் போட்டார்.

இந்த வழக்கு சற்று வேறு விதம். அந்த வாரண்டில் என்டிக்கின் பெயர் இருந்தது. ஆகவே பெயர் இல்லை என்று சொல்ல முடியாது. கேள்வி இதுதான்: ஒரு மனிதனின் காகிதங்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போக மந்திரிக்கு அதிகாரம் உண்டா?

1765-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி பிராட் அப்போது கேம்டன் பிரபு ஆகி இருந்தார். அவர் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். இந்த அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டம் அனுமதித்து இருந்தால் ஒழிய, ஒருவன் நிலத்தில் மற்றவன் கால் வைப்பதே குற்றம். ராஜ சேவகனும் அதற்கு விலக்கு அல்ல.

திருட்டுப் பொருளைத் தேடுவதற்கு வாரண்டு உண்டே என்று கேட்டார்கள். உண்டு. ஆனால் பொருளைப் பறிகொடுத்தவன், அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று சத்தியம் செய்ய வேண்டும். எடுப்பது அவனுடைய பொருளை. இங்கேயோ, எந்தச் சத்தியமும் இல்லாமல் ஒருவனின் சொந்தப் பொருளையே பறிக்கிறார்கள். நெடுங்காலமாக நடந்து வருவதால் மட்டும் ஒரு தவறு சட்டம் ஆகிவிடாது. ராஜாங்கத்துக்கு அவசியம் என்று சொன்னாலும் சட்டம் ஆகிவிடாது.

இப்படிக் காரணங்களை அடுக்கி, கேம்டன் பிரபு என்டிக்கின் பக்கம் தீர்ப்பு அளித்தார். என்டிக்குக்கு 300 பவுன் கிடைத்தது.

அதே ஆண்டில் லீச்சின் வழக்கு அப்பீலுக்கு வந்தது. அதை விசாரித்தவர் இன்னொரு பெரிய நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு. அவர் வில்க்சின் நண்பர் அல்ல. ஆனால் அவரும் பெயர் இல்லாத வாரண்டு செல்லாது என்று சொல்லிவிட்டார். யாரைப் பிடிப்பது என்று தீர்மானிக்க வேண்டியது மாஜிஸ்திரேட்டு, அதைச் சேவகனிடம் விடக்கூடாது என்பது அவர் கருத்து.

1766-ல் பாராளுமன்றத்தின் மக்கள் சபையும் பொது வாரண்டுகளைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. பெயர் இல்லாத வாரண்டுக்குச் சமாதி கட்டியாயிற்று!

எங்கு பார்த்தாலும் 45

4 ஆண்டுகளுக்குப் பிறகு, 1768-ல் வில்க்ஸ் துணிந்து லண்டனுக்குத் திரும்பினார். மிடில்செக்ஸ் தொகுதியில் தேர்தலுக்கு நின்று ஜெயித்தார்.

அன்று இரவு லண்டன் நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. வீட்டுக் கதவுகளில் எல்லாம் 45 என்று எழுதினார்கள். ஆஸ்திரிய நாட்டுத் தூதர் வண்டியில் போய்க்கொண்டு இருந்தார். அவரை இறக்கி, காலைத் தூக்கிப் பிடித்து, செருப்பின் அடியிலும் 45 என்று எழுதி அனுப்பினார்கள்!

பழைய வழக்குகளுக்காக வில்க்ஸ் சரண் அடைந்தார். ஜெயிலில் வைத்தார்கள். மே 10-ந்தேதி ஜெயிலுக்கு எதிரில் இருந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். பலர் மாண்டார்கள். வில்லியம் ஆலன் என்ற வாலிபன் கூட்டத்தில் கலகம் செய்தவன் அல்ல. வேறு ஒருவனைத் துரத்தி வந்த சிப்பாய்கள் ஆள் மாறி அவனைச் சுட்டுவிட்டார்கள்.

45-ம் இதழுக்காகவும், ஆபாசப் பாட்டுக்காகவும் வில்க்சுக்கு 22 மாதம் ஜெயில், 1,000 பவுன் அபராதம். 1769 பிப்ரவரியில் அவரை மறுபடியும் பாராளுமன்றத்தில் இருந்து நீக்கினார்கள். ஜெயிலில் இருந்தபடியே தேர்தலுக்கு நின்று மறுபடியும் ஜெயித்தார். மறுபடியும் நீக்கினார்கள். மறுபடியும் ஜெயித்தார். ஏப்ரலில் நடந்த தேர்தலில் வில்க்சுக்கு 1,143 ஓட்டு. எதிரி லட்ரெலுக்கு 296 ஓட்டு. ஆனால் 296 ஓட்டு வாங்கியவரையே மெம்பர் என்று பாராளுமன்றம் அறிவித்தது!

அந்த ஆண்டு நவம்பரில் வில்க்சுக்கு ஓர் இனிய செய்தி. வாரண்டில் கையெழுத்துப் போட்ட ஹாலிபாக்ஸ் பிரபு மீதே அவர் வழக்குப் போட்டு இருந்தார். பிரபு சாக்குப் போக்குச் சொல்லி 6 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தார். முடிவில் ஜூரிகள் வில்க்சுக்கு 4,000 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். உத்தரவை நிறைவேற்றிய சேவகன் மட்டும் அல்ல, உத்தரவு போட்ட மந்திரியும் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது.

மேயர் ஆனார்

1770-ல் வில்க்ஸ் விடுதலை ஆனார். லண்டன் நகரசபையில் பதவி பெற்றார். மாஜிஸ்திரேட்டு அதிகாரமும் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பாராளுமன்றப் பேச்சுகளைப் பத்திரிகையில் போடக்கூடாது என்று தடை இருந்தது. 1771-ல் தடையை மீறிய அச்சுக்காரர்களைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். வில்க்சும் அவருடைய தோழர்களும் லண்டன் நகர எல்லைக்குள் அந்தக் கைது செல்லாது என்று அச்சுக்காரர்களை விட்டுவிட்டார்கள். மேயரையும் இன்னொருவரையும் பாராளுமன்றம் கோட்டையில் அடைத்தது. வில்க்சைத் தொடப் பயந்தது! அதன் பிறகு பாராளுமன்றப் பேச்சுகள் தாராளமாகப் பத்திரிகைகளில் வரத் தொடங்கின.

1774-ல் வில்க்ஸ் லண்டன் மேயர் ஆனார். மகள் பாலி, மேயரின் மனைவி இருக்க வேண்டிய இடத்தில் இருந்து விருந்தினரை வரவேற்றாள். அதே ஆண்டு மிடில்செக்சில் மறுபடியும் ஜெயித்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. ஏழைத் தொழிலாளிக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1776-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அது தோற்றது. தன்னை நீக்கிய பழைய தீர்மானத்தைக் குறிப்பில் இருந்து அடிக்கும்படி வற்புறுத்திக்கொண்டே இருந்தார். 1782-ல் அதை அடித்துவிட்டார்கள்.

1780-ல் லண்டனில் பெரும் கலகம் நடந்தது. கலகக்காரர்கள் இங்கிலாந்து பாங்கியைத் தாக்க வந்தார்கள். சிப்பாய்களோடு நின்று பாங்கியைக் காத்தவர்களில் வில்க்சும் ஒருவர். கூட்டத்தின் மீது சுடவும் செய்தார். ஒரு காலத்தில் தன்னைத் தோளில் தூக்கிய ஜனங்களை அவர் சுட்டார் என்று பலர் வெறுத்தார்கள். அவருடைய செல்வாக்கு தேய்ந்தது. 1790-ல் பாராளுமன்றத்தை விட்டு விலகினார்.

1797 டிசம்பர் 26-ந்தேதி ஜான் வில்க்ஸ் காலமானார். கடைசி வரையில் கடன் தீரவில்லை. உயிலில் எழுதிய தொகையைக் கொடுப்பதற்குக்கூடப் பணம் இல்லை. தன்னைச் சுதந்திரத்தின் நண்பன் என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே பொறித்தார்கள்.

கடல் கடந்த வாரண்டு

இந்தக் கதை இங்கிலாந்தோடு முடியவில்லை.

அப்போது அமெரிக்கா இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. கள்ளச்சரக்கைத் தேடுவதாகச் சொல்லிச் சுங்க அதிகாரிகள் எந்த வீட்டிலும் எந்தக் கிடங்கிலும் நுழைவதற்கு அங்கேயும் ஒரு பொது உத்தரவு இருந்தது. 1761-ல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓடிஸ் என்ற வக்கீல் அதை எதிர்த்து வாதாடித் தோற்று இருந்தார். வில்க்சின் வெற்றியைக் கேட்டு அமெரிக்கர்கள் துள்ளினார்கள். தெற்குக் கரோலினா சட்டசபை 1769-ல் அவருடைய கட்சிக்காரர்களுக்கு 1,500 பவுன் அனுப்பியது. பென்சில்வேனியாவில் ஓர் ஊருக்கு அவர் பெயரையும் சேர்த்து ‘வில்க்ஸ்-பாரே’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

அமெரிக்கா விடுதலை பெற்ற பின், 1791-ல் அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அது 4-வது திருத்தம். தக்க காரணம் வேண்டும். அதைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். தேட வேண்டிய இடம் எது, பிடிக்க வேண்டிய ஆள் யார், எடுக்க வேண்டிய பொருள் எது என்று வாரண்டில் குறிப்பாக எழுத வேண்டும். அந்த 3 விவரங்களும் ஹாலிபாக்ஸ் பிரபுவின் வாரண்டில் இல்லாமல் போனவைதான்!

லண்டனில் 1988-ல் வில்க்சுக்குச் சிலை வைத்தார்கள். சிற்பி அவரை அழகர் ஆக்கவில்லை. மாறுகண்ணையும் அப்படியே வடித்து இருக்கிறார். அதுதான் சரி.

வில்க்ஸ் நல்லவராக இருந்து, நல்லவருக்காகச் சட்டம் குறுக்கே நின்று இருந்தால் அதில் அதிசயம் இல்லை. அவர் கடன்காரர். குடிகாரர். அரசரின் பகைவர். அப்படிப்பட்டவரின் வீட்டுக் கதவைக்கூட மந்திரி சட்டம் இல்லாமல் உடைக்கக்கூடாது என்று கோர்ட்டு சொன்னது. ஆகவேதான், ஒரு தவறும் செய்யாமல் மனைவியோடு தூங்கிக்கொண்டு இருந்த டிரைடன் லீச்சின் கதவுக்கும் காவல் கிடைத்தது.